விஸ்காம் படிக்கப் போகிறவர்களுக்கு

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, "விஸ்காம் சேரலாம் என்றிருக்கிறேன், எந்தக் கல்லூரி நல்லது?" என்று கேட்டு வரும் மாணவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்தப் பட்டத்துக்குச் சேரப் போகிறீர்கள் என்பதைத்தான். பெரும்பாலோர் விழிப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சிவழித் தகவல்தொடர்பு) என்ற ஒரே பெயரைச் சொல்லி மூன்று வேறுவேறு படிப்புகளைக் குறிப்பது தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. பத்திரிகைப் பக்க வடிவமைப்பை வேலையாகக் கொண்டு, வாரம் இரண்டு நாள் கல்லூரிக்குப் போய்ப் பாடமும் நடத்துகிறவன் என்ற முறையில், எது தனக்கான படிப்பு என்று தெரியாமல் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் புலம்புகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

முதலாவது, கலை அறிவியல் கல்லூரிகளில் நடக்கும் மூன்றாண்டு பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன். ஓவியம், வரைகலை, ஒளிப்படம், விளம்பரம், வானொலி, தொலைக்காட்சித் தயாரிப்பு, அனிமேஷன், திரைப்பட ரசனை என அனைத்தையும் ஆறு பருவங்களுக்குள் தொட்டுச் செல்லும் படிப்பு இது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவரும் பொதுவாக இதில் சேரலாம். இரண்டாவது, அரசு கவின்கலைக் கல்லூரிகளில் உள்ள நான்காண்டு பி.எஃப்.ஏ. என்னும் கவின்கலைப் பட்டம். சென்னைப் பெரியமேட்டில் இருக்கும் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளியின் தொடர்ச்சி. தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். கும்பகோணத்திலும் ஒரு கவின்கலைக் கல்லூரி உண்டு. ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்ற பிரிவும் அங்கே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. மூன்றாவது, தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யிலும் சில ஐ.ஐ.டி.களிலும் வழங்கப்படும் நான்காண்டு பி.டெஸ். என்னும் வடிவமைப்புப் பட்டம்.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என்னிடம் எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வரைவதிலும் எழுத்துருவங்களிலும் கை தானாகப் போகிறது என்றால் பி.எஃப்.ஏ. பொருத்தமானது, அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் குறைவு. ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு அதற்குப் பல தீர்வுகளை யோசித்துப் பார்ப்பது பிடிக்கும் என்றால், நுழைவுத்தேர்வு எழுதி பி.டெஸ்.ஸுக்கு முயலலாம். கேமராவா, வரைகலையா, எழுத்தா என்று இன்னும் முடிவாகாதவருக்கு பி.எஸ்சி. விஸ்காம்தான் இடம் கொடுக்கும். ஒளிப்பதிவு அல்லது படத்தொகுப்பு மட்டுமே வேண்டும் என்று உறுதியாக இருப்பவர், தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தை முதலில் விசாரிப்பது நல்லது. சினிமா ஆசையோடு பொதுவான விஸ்காமில் சேர்ந்து, முதல் பருவத்தில் பென்சிலும் ஸ்கேலும் கொடுத்ததும் சோர்ந்துபோகிற பிள்ளைகள் நிறைய.

பி.டெஸ். எண்ணம் இருந்தால் காலத்தை மறந்துவிடக் கூடாது. என்.ஐ.டி. நடத்தும் டி.ஏ.டி. தேர்வுக்கும், ஐ.ஐ.டி. மும்பை நடத்தும் யுசீட் தேர்வுக்கும் பெரும்பாலும் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே, ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். மே மாதம் மதிப்பெண் வந்த பிறகு யோசிக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அந்த ஆண்டுக்கான வாய்ப்பு அப்போது போயிருக்கும். கலைப் பிரிவு, வணிகவியல் மாணவர்களும் எழுதக்கூடிய தேர்வுகள் இவை. ஐ.ஐ.டி. என்ற பெயரைக் கேட்டதும் கணிதம் படித்தவர்களுக்கு மட்டும் என்று ஒதுங்கிவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கல்லூரியை முடிவு செய்வதற்கு முன் ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். விளம்பரத் தட்டியில் ஸ்டூடியோ படம் இருப்பது பெரிய விஷயமில்லை. அந்த ஸ்டூடியோ பூட்டிக் கிடக்கிறதா, அதற்குள் மாணவர்கள் இருக்கிறார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது. எத்தனை பேருக்கு ஒரு கேமரா, அதை வார இறுதியில் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா, ஆய்வகம் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். அதே கேள்விகளைக் கல்லூரி வாசல் டீக்கடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் சேரலாம். போன ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லிக் கேட்பதும் உங்கள் உரிமைதான். காட்டுவதற்கு எதுவும் இல்லை என்ற பதிலும் ஒரு தகவல்தான்.

சேர்ந்தவுடன் வீட்டில் எழும் முதல் பேச்சு லேப்டாப்பைப் பற்றியதாக இருக்கும். முதல் பருவத்தில் கடன் வாங்கி விலையுயர்ந்த கணினி வாங்க வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து. அந்தப் பருவத்தின் வேலை பெரும்பாலும் தாளில்தான் நடக்கும். இரண்டாம் பருவத்துக்குப் பிறகு வாங்கும்போது 16 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருக்கும்படியும், நிறத்தை ஓரளவு சரியாகக் காட்டும் திரையாகவும் பார்த்து வாங்கினால் போதும். மென்பொருளுக்காகத் திருட்டுப் பிரதிகளைத் தேடி வைரஸை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். இங்க்ஸ்கேப், கிரிட்டா, கிம்ப், பிளெண்டர் ஆகியவை முற்றிலும் இலவசம்; டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஒரு குறும்படத்தைத் தொகுத்து, நிறத்திருத்தமும் செய்து முடிக்கலாம். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகியவற்றைக் கல்லூரி ஆய்வகத்தில் பழகிக்கொள்ளலாம். ஊர்ப்பக்க அச்சகங்களில் இன்றும் கோரல் டிராதான் அதிகம் என்பதால், அதையும் திறந்து மூடும் அளவுக்காவது தெரிந்து வைத்திருப்பது பிழைப்புக்கு உதவும்.

வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு ஓவியம் வராதே என்ற பயத்தோடு வருபவர்கள்தான் அதிகம். வரைகலைக்கு வேண்டிய வரைதல், சுவரில் மாட்டும் ஓவியம் போன்றது அன்று; மனத்தில் தோன்றிய அமைப்பை அரை நிமிடத்தில் தாளில் இறக்கிக் காட்டும் திறமை இருந்தால் போதும். நாளைக்கு இருபது நிமிடம், மலிவான நோட்டு ஒன்று, பால்பாயின்ட் பேனா ஒன்று. பேனா என்று சொல்வது, அழிக்க முடியாது என்பதற்காக. பேருந்து நிலையத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்து, மூட்டையின் மேல் சாய்ந்து தூங்குபவரை, இஞ்சி தட்டும் டீக்கடைக்காரரின் மணிக்கட்டை, வரிசையில் தொங்கும் வாழைத்தாரை வரையுங்கள். உங்கள் இடக்கையையே நூறு முறை வரையலாம். அது சம்பளம் கேட்காத மாடல்.

இப்போது, நான் சற்று நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். மூன்று ஆண்டுகளில் எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும், தமிழ் எழுத்தைக் கையாளக் கற்றுக்கொண்டு வெளியே வாருங்கள். பாடத்திட்டத்தில் டைப்போகிராஃபி, அதாவது அச்செழுத்துக் கலை என்ற தாள் இருக்கும். அதில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தைப் பற்றியவை. எழுத்து முனையில் வரும் சிறு கோடான செரிஃப் எது, இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடத்தைச் சரிசெய்யும் கெர்னிங் எது என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த மாணவரிடம், ஒரு தமிழ்க் கவிதையைப் பக்கத்தில் அமைத்துத் தாருங்கள் என்றால் தடுமாறுவார். ஆனால் அவர் வேலைக்குப் போகும் இடங்களில், அது பத்திரிகையாக இருந்தாலும் பதிப்பகமாக இருந்தாலும் தொலைக்காட்சியாக இருந்தாலும் நகைக்கடை விளம்பரமாக இருந்தாலும், முதல் நாளே மேசைக்கு வருவது தமிழ்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் இறுதியாண்டுக் கண்காட்சிக்காகப் பழைய துறைமுகங்களைப் பற்றி நாலடிக்கு மூன்றடியில் ஒரு ஃப்ளெக்ஸ் செய்திருந்தேன். கோப்பை அப்படியே திறந்த நிலையில் கடையில் கொடுத்துவிட்டு, மாலையில் சுருட்டி வாங்கி வந்து, இருட்டியபின் கட்டிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை கண்காட்சிக்கு வந்த அம்மாதான் முதலில் பார்த்தார்: "என்னப்பா, எழுத்தெல்லாம் இப்படி உதிர்ந்து கிடக்குது?" தலைப்பில் 'கொற்கை' என்று இருக்க வேண்டிய இடத்தில், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்தது, றகரத்தின் புள்ளி தனியே விலகி, யாரோ மை தெறித்தது போல் கிடந்தது. கடைக்காரர் மேல் தவறில்லை. கோப்பில் இருந்த எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிக் கொடுக்காதது என் தவறு.

இது ஏன் நடக்கிறது என்பதை மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள் இருந்தாலும், கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அத்தனைக்கும் தனித்தனி இடம் இல்லை. 'கொ' என்பது ககரமும் அதைத் தொடரும் ஒகரக் குறியுமாகவே கணினியில் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை எழுத்துக்கு முன்னும் காலைப் பின்னும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யும் பகுதி அணைந்திருந்தால் எழுத்து உதிரும். இன்டிசைனில் பத்தி அமைப்புக்குப் போய் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காக அமையும். போட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு இதேபோல உண்டு. புதிதாக நிறுவியவுடன் அதைத் தேடி இயக்கிவிடுங்கள். இன்னொரு தொல்லை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களால் வருவது. அவற்றில் தட்டச்சு செய்த பகுதி, கணினியின் கணக்கில் வெறும் ஆங்கில எழுத்துக் கோவை. எழுத்துருவை மாற்றினால் புரியாத குப்பையாகிவிடும். டி.டி.பி. கடைகளிலிருந்து வரும் கோப்புகளில் இது இன்னமும் உண்டு என்பதால், யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். மாற்றிய பிறகு வரிவரியாகப் படித்துச் சரிபாருங்கள்.

எழுத்தின் வடிவத்தைக் கற்க, கணினியை மூடிவிட்டு உகரத்தை எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஒரே உகரம், சு, பு, யு, வு ஆகிய எழுத்துகளில் அடியில் நேராக இறங்குகிறது. டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் எழுத்தின் உடலோடு வளைந்து சேர்கிறது. ணு, து, நு, லு, று, னு ஆகியவற்றில் அடியில் சுற்றிப் போய் வலப்புறம் மேலேறுகிறது. இவை ஒவ்வொன்றையும் இரண்டு அங்குல உயரத்தில், பட்டை முனைப் பேனாவால் எழுதிப் பாருங்கள். தமிழ்ப் பத்திக்கு ஏன் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும் என்பதைக் கை உங்களுக்குச் சொல்லிவிடும். மேலே இகர, ஈகாரச் சுழிகளும் கீழே உகர, ஊகார இறக்கங்களும் மோதிக்கொள்ளாமல் இருக்க, ஆங்கிலத்தில் 10 புள்ளி எழுத்துக்கு வரி இடைவெளி 12 புள்ளி வைக்கும் இடத்தில் தமிழுக்கு நான் 14, 15 வரை வைப்பேன். அதோடு, தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், குறுகிய பத்தியில் இருபுறமும் சீராக நெருக்கினால் நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். அத்தகைய இடங்களில் இடப்புறம் மட்டும் சீர்செய்துவிட்டு வலப்புறத்தை விட்டுவிடுங்கள். சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்துவதே இல்லை என்பது என் பிடிவாதம். அழுத்தம் வேண்டுமானால் தடித்த எழுத்தையோ நிறத்தையோ பயன்படுத்தலாம்.

காசில்லாமல் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இப்போது பல உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், பலூ தம்பி ஆகியவற்றைக் கூகுள் ஃபான்ட்ஸில் இறக்கிக்கொள்ளலாம். கட்டமரான் என்ற பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஒரே வாக்கியத்தை இந்த ஐந்திலும் அச்செடுத்து, கையெட்டும் தூரத்தில் சுவரில் ஒட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். பிறகு தெருவுக்குப் போங்கள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய கடைப் பலகைகளும் கல்வெட்டுப் பலகைகளும் இன்னமும் அங்கங்கே எஞ்சியிருக்கின்றன. துதிக்கை போல் வளைந்த பழைய லை, னை வடிவங்களைப் படம் பிடித்து ஊர், தெரு, தேதியோடு சேர்த்து வையுங்கள். நவீன ஓவியரான ஆதிமூலம் தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்ப்பதும் ஒரு பாடம். இந்திய ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு ஐ.ஐ.டி. மும்பையில் வடிவமைப்புக்குப் போனவர். அங்கே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தமிழ் அச்செழுத்துகளின் வடிவத்தைத்தான். 2010இல் அந்தக் குறி ஏற்கப்பட்டபோது, அதற்குப் பின்னால் எழுத்துருவத்தோடு பல ஆண்டுகள் பழகிய ஒரு கை இருந்தது.

அடுத்தது அச்சு. திரையில் மட்டுமே வேலை செய்து பட்டம் வாங்கிவிடுவது இப்போது சாத்தியம், அப்படிச் செய்யாதீர்கள். பருவத்துக்கு ஒரு வேலையையாவது, அது நான்கு பக்கத் துண்டறிக்கையாக இருந்தாலும் சரி, ஆஃப்செட் அச்சகம் வரை கொண்டுபோங்கள். சென்னையில் இருப்பவருக்குத் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்து அச்சகங்கள் உண்டு, தென்மாவட்டத்துக்காரருக்குச் சிவகாசி. காலையில் கூட்டம் குறைவான நேரத்தில் போய், மெஷின்மேனை "அண்ணே" என்று கூப்பிட்டு, ஒரு ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரு முகம் உருவாவதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், திரையின் ஒளி நிறங்களான ஆர்.ஜி.பி.க்கும் அச்சின் மை நிறங்களான சி.எம்.ஒய்.கே.வுக்கும் உள்ள வேறுபாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அச்சுக்குக் கொடுக்கும் கோப்பில் மாணவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, வெட்டுக்காகக் கூடுதல் இடம் விடாதது. ஏ4 தாள் 210 × 297 மி.மீ. என்றால், பின்னணி நிறம் நாற்புறமும் 3 மி.மீ. வெளியே நீண்டு 216 × 303 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். இன்னொன்று கறுப்பு. போட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் ஆர்.ஜி.பி. கறுப்பைச் சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றினால் 75, 68, 67, 90 என நான்கு மைகளும் கலந்த கறுப்பு வரும். கூட்டினால் 300 விழுக்காடு மை. பெரிய பரப்புக்கு அது சரியாக இருக்கலாம்; சிறிய எழுத்துக்கு அதைப் பயன்படுத்தினால், தகடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும். பத்தி எழுத்துக்கு எப்போதும் கறுப்பு 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வையுங்கள். படங்கள் அச்சிடும் அளவில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பயன்படுத்துவதை எந்த மென்பொருளும் மன்னிக்காது.

கேமராவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அதைக் கற்றுத்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். முதல் ஆறு மாதம் மேனுவல் நிலையிலேயே வைத்து, 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் கொண்டு, அப்பர்ச்சர், ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதைப் பழகுங்கள். குறும்படம் எடுக்கும்போது ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். படம் சற்று மங்கினாலும் உட்கார்ந்து பார்ப்பவர்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

கோட்பாட்டுத் தாள்களை மதிப்பெண்ணுக்கு மட்டும் படிப்பவர்கள் உண்டு. 1919இல் ஜெர்மனியில் தொடங்கி 1933இல் மூடப்பட்ட பவுஹாஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியைப் பற்றியும், அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கையைப் பற்றியும் படிக்கும்போது, அவற்றை உங்கள் வீட்டுப் பொருளோடு சேர்த்துப் பாருங்கள். அந்த அறிக்கையில் ஈம்ஸ் தம்பதி வியந்து எழுதியது நம் அடுக்களையில் கிடக்கும் சொம்பைத்தான்: எவ்வளவு நீர் பிடிக்க வேண்டும், இடுப்பிலும் தலையிலும் எப்படி நிற்க வேண்டும், ஊற்றும்போது எப்படிச் சாய வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து அந்த வளைவு உருவானது என்பது அவர்கள் பார்வை. அந்த அறிக்கையைத் தொடர்ந்தே 1961இல் அகமதாபாத்தில் என்.ஐ.டி. பிறந்தது. தேர்வு விடைத்தாளில் இதை எழுதுவதற்கு முன், உங்கள் வீட்டுச் சொம்பை வைத்து ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பாருங்கள். தான் செய்ததைப் பற்றித் தெளிவாக நாலு வாக்கியம் எழுதத் தெரிந்த வடிவமைப்பாளருக்கு எங்கும் மரியாதை உண்டு.

வகுப்பில் வேலைகளைச் சுவரில் ஒட்டிக் கருத்துக் கேட்கும் நாட்கள் வரும். அன்று லீவு போடாதீர்கள். "நல்லாயிருக்கு" என்ற நண்பர்களின் பாராட்டால் பயன் எதுவும் இல்லை. முதலில் கண் எங்கே போனது, எந்த வரியைப் படிக்கவே இல்லை என்று கேளுங்கள். ஆசிரியர் சொன்னதற்கு அங்கேயே பதில் சொல்லி வாதாடாமல், நோட்டில் குறித்துக்கொண்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பாதி சரியாக இருக்கும், பாதி அவருடைய ரசனையாக இருக்கும்; இரண்டையும் பிரித்தறியப் பழகுவதற்கு மூன்று ஆண்டுகள் தேவைப்படும்.

இரண்டாம் ஆண்டில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கைக்கு வரும். வாங்குங்கள், ஆனால் இலவசமாகச் செய்யாதீர்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பதும், இரண்டு முறைக்கு மேல் திருத்தம் என்றால் தனிக் கட்டணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதும் தொழில்முறைதான். அச்சுக்குப் போகும் முன் புரூஃப் ஒன்றை எடுத்து, மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம், தேதி, கிழமை, மண்டபம் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர் ஒருவரை விரல் வைத்துப் படிக்கச் சொல்லி, அந்தத் தாளிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரியப்பா பெயர் விடுபட்டுப்போனால் அதற்குப் பொறுப்பு யார் என்ற சண்டை பிறகு வராது.

வேலைக்குக் காட்டும் தொகுப்பில் பன்னிரண்டு வேலைகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் பாதியாவது தமிழில் இருக்கட்டும்; இரண்டு மூன்று வேலைகளுக்காவது பேனாவால் கிறுக்கிய முதல் வரைவிலிருந்து கடைசி வடிவம் வரையிலான படிகளைச் சேர்த்துக் காட்டுங்கள். இணையத்தில் ஏற்றியதோடு நிற்காமல், அச்சான துண்டறிக்கையையும் அட்டையையும் ஒரு கோப்புறையில் போட்டு நேர்காணலுக்கு எடுத்துப் போங்கள். எதிரே இருப்பவர் தாளைத் தொட்டுப் பார்ப்பார். லேயர்களை ஒன்றாக இணைத்துவிடாத மூலக் கோப்புகளையும் பயன்படுத்திய எழுத்துருக்களையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றிலும் கிளவுடிலும் இரண்டு பிரதிகளாக வையுங்கள். மே விடுமுறையில் ஆய்வகக் கணினிகளை ஃபார்மட் செய்வது பல கல்லூரிகளில் வழக்கம் என்பதால், ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் அந்த வேலையை முடித்துவிடுங்கள்.